வரப்பிலிருந்து குதிக்கச் சொன்னேன்

ஒரு பெண்ணின் கால் எலும்பு ஒடிந்ததற்கு நான் காரணம். ஒடிந்த அன்றே, அதே மைதானத்தில், சுற்றி நின்றவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி அந்தப் பழியை அவளைப் பெற்றவள் மேல் போட்டேன். முதலாவதை ஆர்வக்கோளாறு என்று சொல்லியாவது தப்பிக்கலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லை. தெரிந்தே சொன்ன பொய் அது.

நான் உடற்கல்விக் கல்லூரியில் பாடம் நடத்தியவன். தசை, எலும்பு, மூட்டு, இவற்றைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்றபின் மரக்காணத்துக்குத் திரும்பி வந்தேன். எங்கள் குடும்பம் குத்தகைக்கு எடுத்து நடத்தும் உப்பளம் இங்கே இருக்கிறது. காலையில் அளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் அதன்பின் எனக்கு வேலை கிடையாது. மாலையில் பள்ளி மைதானத்தில் பெண்கள் சிலர் கபடி ஆடுவார்கள். எதிராளியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கும் அவர்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ரக்பி வரும் என்று நினைத்தேன். முட்டை வடிவத்தில் ஒரு ரக்பி பந்து வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னா சார், பந்து நசுங்கிப் போச்சா?" என்று கேட்டவள்தான் அவள்.

திண்டிவனத்தில் கல்லூரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எங்கள் அளத்தில் உப்பு வாருகிறவர். அப்பா உப்பு மூட்டைகளை லாரியில் ஏற்றும் வேலை. பந்தை உயரத் தூக்கி உதைத்தால் மற்றவர்கள் அது விழட்டும் என்று அண்ணாந்து நிற்பார்கள். அவள் விழவிட மாட்டாள். ஓடிவந்து எழும்பி, மேலேயே பிடித்துக்கொண்டு இறங்குவாள். நாலைந்து மாதத்தில் மாநில அணிக்குத் தேர்வு நடக்கிறது என்று தெரிந்ததும் அந்த எழும்பலை இன்னும் ஒரு சாண் உயர்த்திவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அவளுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என் மைதானத்திலிருந்து ஒருத்தி மாநில அணிக்குப் போனாள் என்று பழைய கல்லூரி நண்பர்களிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை.

பிளையோமெட்ரிக் என்று ஒரு பயிற்சி முறை உண்டு. ஓர் உயரத்திலிருந்து இறங்கி, கால் தரையில் பட்ட மாத்திரத்தில் மறுபடி மேலே எழும்ப வேண்டும். இறங்கும்போது தொடையும் கெண்டைக்காலும் இழுபடும். இழுபட்ட தசை உடனே சுருங்கினால், இழுபட்டபோது சேர்ந்த வேகமும் சேர்ந்து ஆளைத் தூக்கும். தரையில் கொஞ்சம் தங்கினாலும் அது கரைந்துபோகும். ரக்பிக்கு இது நல்ல பயிற்சி. உயரத்தில் வரும் பந்தை எடுக்கவும், நின்ற இடத்திலிருந்து பாயவும், மோதிவரும் ஆளைத் தள்ளவும் அந்தத் திடீர் விசைதான் வேண்டும்.

ஆனால் எடுத்த எடுப்பில் இதைக் கொடுக்கக் கூடாது. பல மாதங்கள் எடை தூக்கி உட்கார்ந்து எழுந்து காலைப் பலப்படுத்தியிருக்க வேண்டும். குதிப்பதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும், முட்டி உள்பக்கம் மடியாமல். புல்தரை வேண்டும், நல்ல ஷூ வேண்டும், ஒரு நாள் குதித்தால் அடுத்த ஒன்றிரண்டு நாள் காலுக்கு ஓய்வு வேண்டும். இதையெல்லாம் வகுப்பில் வருடா வருடம் சொன்னவன் நான். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

பள்ளி மைதானத்தில் நெருஞ்சி முள்ளும் குழியுமாக இருந்தது. அது தை மாதம், அளத்தில் பாத்திகள் தயாராகிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீரை வெளியேற்றி, சேற்றை வழித்து, மணல் தூவி, ஆட்கள் வரிசையாகக் கைகோத்து நின்று காலால் மிதிப்பார்கள். நாள் கணக்கில் மிதித்துக் காயவிட்டால் பாத்தியின் தரை சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அப்போதுதான் விட்ட கடல் தண்ணீர் கீழே இறங்காது, வாரும்போது உப்பில் சேறு கலக்காது. மூலையில் ஒரு பாத்தி மிதித்து முடிந்து, தண்ணீர் விடாமல் கிடந்தது. ஒரு கல் இல்லை, ஒரு முள் இல்லை. மேசைபோல மட்டமாக இருந்தது. அதையொட்டி உப்பைக் குவித்து வைக்கும் பெரிய வரப்பு, இடுப்பளவு உயரம். எனக்கு வேறு என்ன வேண்டும்? வரப்பிலிருந்து பாத்தியில் குதித்து, பட்டதும் எழும்ப வேண்டும். மாலையில் ஆட்கள் வேலை முடிந்து போனபின் பெண்களை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அவர்களிடம் ஷூ இருந்தது. கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் மிதித்த பாத்தியில் செருப்புக் கால் வைப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. முதலாளியே வந்தாலும் வரப்பில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். செருப்பின் அடி பதிந்தால் தரை பெயரும், அந்தத் தடத்தில் உப்பு கறுக்கும். தெரியாமல் செருப்போடு இறங்கிய ஆட்களை என் அப்பா எப்படித் திட்டுவார் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் ஷூவைக் கழற்றச் சொன்னேன். புதுஷூக்கள் வரப்பின் மேல் வரிசையாக நின்றன. வெறுங்கால்கள் கீழே குதித்தன.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவள் சொன்னாள்: "ஷூ போட்டுக்கறோம் சார். தரை அடிக்குது."

"பாத்தியில ஷூ போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? உங்கம்மாவப் போய்க் கேளு. வருஷம் பூரா வெறுங்காலோடதான் இதுல நிக்கறாங்க."

"எங்கம்மா நிக்கத்தான சார் நிக்கறாங்க, குதிக்கவா குதிக்கறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "ம், ஏறு" என்றேன். பாத்தியின் தரையைக் காப்பாற்றும் முறை எனக்கு ரத்தத்தில் இருந்தது. காலைக் காப்பாற்றும் முறை படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டும் எதிரெதிராக நின்ற இடத்தில் நான் பாத்தியின் பக்கம் நின்றேன், அப்படி நிற்கிறேன் என்றுகூடத் தெரியாமல்.

ஓய்வு நாளும் கொடுக்கவில்லை. தேர்வு நெருங்க நெருங்கக் குதிப்பைக் கூட்டினேன். அவள் எழும்பும் உயரமும் கூடத்தான் செய்தது. ஒரு நாள் பயிற்சி முடிந்தபின் வரப்பில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இங்க மட்டும் வலிக்குது சார்" என்று காட்டினாள். நான் குனிந்து கட்டைவிரலால் எலும்பை அழுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில், விரல் நுனி அளவே உள்ள இடத்தில், மூச்சை இழுத்துக்கொண்டு காலைப் பறித்துக்கொண்டாள்.

தசை வலி என்றால் பரவலாக இருக்கும். எலும்பில் கீறல் விழுந்திருந்தால்தான் வலி இப்படி ஒரு புள்ளியில் நிற்கும். உடனே குதிப்பை நிறுத்தி, வாரக்கணக்கில் காலுக்கு ஓய்வு கொடுத்து, படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தேர்வு அடுத்த வாரம்.

"தசைப்பிடிப்புதான்மா. ராத்திரி எண்ணெய் போட்டு நீவு, போயிடும்."

"எலும்புல வலிக்கற மாதிரி இருக்குது சார்."

"நான் படிச்சவனா, நீ படிச்சவளா?"

"நீங்கதான் சார்" என்று சொல்லி எழுந்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்போடு நடந்து போனாள். லேசாகச் சாய்ந்து நடந்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தேர்வு சென்னையில் நடந்தது. அவள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தார். மகள் ஆடி அதுவரை பார்த்ததில்லை. பந்து உயரமாக வந்தது. இவள் எழும்பினாள், சுற்றி இருந்தவர்களின் தலைக்கு மேல் தெரிந்தாள், பிடித்தாள். நல்ல பிடி. இறங்கியபோது காய்ந்த சவுக்கு மிளாறு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். யாரும் அவளை இடிக்கவில்லை. இறங்கினாள், அவ்வளவுதான்.

மைதானத்து மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது இன்னைக்கு வந்ததில்லையே. முன்னாடியே வலி இருந்திருக்கணும். என்ன வேலை செய்யறா இந்தப் பொண்ணு?"

தேர்வாளர்கள் என்னைப் பார்த்தார்கள். மற்ற ஊர்களின் பயிற்சியாளர்களும் என்னைப் பார்த்தார்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள்.

"வீட்டுல உப்புக் கூடை தூக்க விடறாங்க சார்" என்றேன். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்ல."

அவள் அம்மா மகளின் பையை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் நின்றிருந்தார். மகளை ஒரு நாள்கூட அளத்து வேலைக்கு விடாதவர் அவர். "இவ காலு உப்புத் தண்ணியில நிக்கக் கூடாது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நான் அவருக்குக் கூலி கொடுக்கிறவன். மறுவாரம் வழக்கம்போல எங்கள் அளத்துக்கு வேலைக்கு வந்தார். வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். நானும் வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் பழைய ஓட்டம் வரவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். சில மாதங்களில் மற்றப் பெண்களும் வருவதை நிறுத்தினார்கள். பந்தில் காற்று இறங்கிப்போய் வீட்டுப் பரணில் கிடந்தது.

இப்படியே வருடங்கள் போயின. போகட்டும் என்று விட்டிருப்பேன். போன தை மாதம் பாத்தி மிதிக்கும்போது நான் வரப்பில் நின்றிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னாள்: "எம் மவ வாலிபால்ல சேரணும்ன்றா. சேந்துக்கோ, கூடைப் பக்கம் மட்டும் வராதன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ஒருத்தி பொண்ணக் கூடை தூக்க வச்சு கால ஒடிச்சாளே, அந்த மாதிரி ஆயிடப் போவுது."

அந்த ஒருத்தி அதே வரிசையில், நாலு ஆள் தள்ளி நின்றிருந்தார். காதில் விழுந்திருக்கும். மிதிப்பது நிற்கவில்லை. முகத்தில் எதுவும் மாறவும் இல்லை. இது அவருக்குப் பழகிப்போன பேச்சு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பொய் எங்கள் ஊரில் புத்திமதியாகிவிட்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வரிசைக்கு முன்னால் போய் நின்று, அந்தக் கால் கூடையால் ஒடியவில்லை, இதோ இந்த மூலைப் பாத்தியில் நான் குதிக்க வைத்ததால் ஒடிந்தது, வலி என்று சொன்னபோதும் நான்தான் குதிக்கச் சொன்னேன், சென்னையில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். வீட்டில் பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. மொட்டையாகத்தான் வந்தது.

மிதிப்பது நின்றது. அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா சார்? எம் பொண்ணு கூடை தூக்குனாளா இல்லியான்னு எனக்குத் தெரியாதா?"

"எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்னுதான்..."

"எல்லாரும் எனக்கு இன்னா சோறா போடறாங்க? எங்க வூட்டுக்காரரு அன்னியிலேர்ந்து எங்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசல. 'உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னு பொண்ணுகிட்டதான் சொல்லுவாரு. சோத்துக்கும் அப்படித்தான், மாத்திரைக்கும் அப்படித்தான். நான் தூக்க வைக்கலன்னு தலையில அடிச்சிக்கினு சொன்னேன். பொண்ணும் சொன்னா, அம்மாவுக்குப் பரிஞ்சு பேசறான்னுட்டாரு. 'சார் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு'ன்னாரு. சொல்றதுன்னா அங்க போயி சொல்லுங்க. இங்க நின்னா வேலை கெடுது."

பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வரிசை மறுபடி மிதிக்கத் தொடங்கியது. நான் வரப்பேறினேன்.

அவள் அப்பாவை உப்புக் கிடங்குக்கு எதிரே டீக்கடையில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார். நரைத்துப்போயிருந்தார்.

"உக்காருங்க சார். டீ சொல்லட்டா?"

நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

"அவ வந்து உங்ககிட்ட அழுதாளா சார்?"

"இல்லப்பா. நானாத்தான் வந்தேன். தப்பு என் பேர்ல."

"உங்களுக்குப் பெரிய மனசு சார். பொம்பள கஷ்டப்படறாளேன்னு பழியத் தூக்கி உங்க தலைல போட்டுக்கறீங்க. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல?"

மறுபடி சொன்னேன். குரலைக் கூட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன். பொய் சொன்ன அன்று எந்த மதிப்பு என்னைக் காப்பாற்றியதோ அதே மதிப்பு இன்று என் உண்மையை நம்பவிடாமல் வழியில் நின்றது. வேறு வழி தெரியாமல், சமாதானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்ல ஆரம்பித்தேன். தை மாதம், பெண்களைக் கூட்டிப் போனது, மூலைப் பாத்தி.

"எது, கிழக்கால மூலையா?" என்று கேட்டார், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல.

"ஆமா."

"தண்ணி விட்டிருந்தீங்களா?"

"இல்ல. மிதிச்சுக் காய்ஞ்சு கெடந்தது."

"குதிச்சது?"

"பெரிய வரப்புலேர்ந்து."

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டு போனவர் பாதியில் நிறுத்தினார். "ஷூ போட்டுத்தான?"

"வெறுங்கால். ஷூவ வரப்புல கழட்டி வைக்கச் சொன்னேன்."

அவர் கிளாஸை பெஞ்சில் வைத்தார். ஒரு பெரிய மனிதர் பரிதாபப்பட்டு இட்டுக்கட்டும் கதையில் அந்த ஷூ வந்திருக்காது. மிதித்த பாத்தியில் ஷூவோடு இறங்க அளத்துக்காரன் விட மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவர் முகத்திலிருந்த மரியாதை மெல்ல மெல்லப் போவதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் பார்ப்பது சுலபமாக இல்லை.

"அந்தத் தரையில மூட்டையப் போட்டா மூட்டையே கிழியும் சார்" என்றார்.

தோள் துண்டை உதறித் தலையில் சும்மாடாகக் கட்டிக்கொண்டு லாரிக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து லுங்கியை இறக்கிவிட்டதில்லை.

அவர் மனைவி அந்த வாரத்தோடு எங்கள் அளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு, பக்கத்து அளத்தில் சேர்ந்துகொண்டார். சாலையில் எதிரே வந்தால் முகம் திருப்பாமல் என்னைத் தாண்டிப் போவார். மூலைப் பாத்தியில் அந்தப் பருவம் வழக்கம்போல உப்பு விளைந்தது.

மகளைப் பார்க்க எனக்கு மேலும் சில மாதங்கள் ஆயின. கோட்டக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய முதலியார்சாவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் பெண்களுக்கு ரக்பி சொல்லிக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். புல்தரை. எல்லோர் காலிலும் ஷூ. முழங்கால் உயரம்கூட இல்லாத மரப்பெட்டியிலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்குவது மட்டும்தான், எழும்பவில்லை. இறங்கி, முட்டியை மடக்கி, அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் செய்ய வேண்டியது அது. நான் செய்யாமல் விட்டதும் அது.

அவளுக்கு நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. திரும்பும்போது மட்டும் அந்தக் காலைக் கொஞ்சம் யோசித்து வைக்கிறாள்.

"வாங்க சார்" என்றாள். கோபமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. நான் வாய் திறப்பதற்குள், "அப்பா சொன்னாரு" என்றாள்.

"உங்கிட்டயும் நான் நேர்ல சொல்லணும். அன்னிக்குத் தொட்டுப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

"தெரியாமப் பண்ணிட்டீங்கன்னுதான் சார் இவ்ளோ நாளா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

பிறகு அவளே பேச்சை மாற்றினாள்.

"அப்பா அன்னிக்கு வேலை முடிஞ்சு வந்து அம்மாவ நேரா கூப்ட்டாரு. 'இந்தாம்மே, தண்ணி குடு'ன்னாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்மா அவரு மூஞ்சியப் பாக்கல. எங்கிட்ட திரும்பி, 'உங்கப்பாகிட்ட சொல்லு, பானை அங்கதான் இருக்குது'ன்னாங்க."

"அப்புறம்?"

"இன்னும் அப்படித்தான் ஓடுது. முன்னாடி அவரு சொல்றத இவங்ககிட்ட சொல்லிக்கினு இருந்தேன். இப்ப இவங்க சொல்றத அவருகிட்ட சொல்லிக்கினு இருக்கேன். வேலை கொறையல எனக்கு." சிரித்தாள். "நேத்து மட்டும், கொழம்புல உப்பு கம்மின்னு அப்பா முனகுனாரு. 'அளத்துல இருக்கறவளுக்கு உப்பு போடத் தெரியாதா'ன்னு அம்மா நேரா கேட்டுட்டாங்க. கேட்டுட்டு அவங்களே எழுந்து உள்ள போயிட்டாங்க."

நான் கிளம்பலாம் என்று திரும்பியபோது, "வந்தது வந்துட்டீங்க, அந்தப் பக்கம் போயி நில்லுங்க சார்" என்றாள். "எதுத்தாப்ல நின்னாத்தான் முட்டி உள்ள மடியறது தெரியும். மடிஞ்சா நிறுத்தச் சொல்லுங்க. வலிக்குதுன்னு சொன்னாலும் நிறுத்துங்க. குதிக்க மட்டும் யாரையும் சொல்லாதீங்க. அத நான் சொல்லிக்கறேன்."

போய் நின்றேன். அதன்பின் முடிந்த ஞாயிறுகளில் போகிறேன். முதல் நாளே, பெட்டியிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணின் இடது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. "போதும்மா, நிறுத்து" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, பெட்டியருகே நின்ற அவளைப் பார்த்தாள். அவள் தலையசைத்தபின்தான் இவள் புல்லில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.